கொஞ்சம் உள்பக்கம் காட்டுங்க

மார்ச் 13, 2023. அம்மான்

எழுபது வயது முடிவதற்குள் பெத்லகேமைப் பார்த்துவிட வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. அந்த ஊர்ப் பெண்கள் போடும் எம்பிராய்டரியைக் கையில் தொட்டுப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. இரண்டும் ஒரே டிக்கெட்டில் முடிந்தால் நல்லதுதானே என்று பாளையங்கோட்டையிலிருந்து கிளம்பிய புனிதப் பயணக் குழுவில் சேர்ந்துகொண்டோம். மொத்தம் 38 பேர். ஊறுகாய் பாட்டில்கள் அதைவிடக் கூடுதல்.

முன்னாடியே சொல்லிவிடுகிறேன், இது வேதாகமத்தில் வரும் இடங்களைப் பற்றிய குறிப்பு இல்லை. அதைக் குழுவில் இரண்டு பேர் எழுதுகிறார்கள், என்னைவிட நன்றாகவே. நான் 19 வருடமாக பிளவுஸ் தைக்கிறவள். ஆரி, ஜர்தோசி எல்லாம் உண்டு. கடைக்கு எந்த வேலைப்பாடு வந்தாலும் முதலில் அதன் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பேன். அந்தப் பழக்கத்தோடு பார்த்ததை மட்டும் எழுதுகிறேன்.

இன்று மதியம் எல்லாரும் ஹோட்டலில் அசந்து தூங்க, நான் டாக்சி பிடித்து திராஸ் என்ற சின்ன அருங்காட்சியகத்துக்குப் போனேன். விதாத் கவார் என்ற அம்மையார் சேர்த்த அரபு உடைகள் அங்கே இருக்கின்றன. 1931இல் துல்கர்மில் பிறந்தவர், பெத்லகேமில் வளர்ந்தவர், கல்யாணமாகி அம்மானுக்கு வந்தவர். இஸ்ரேல் உருவான 1948 போரில் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட பாலஸ்தீனர்கள் ஊரையும் வீட்டையும் இழந்தார்கள். அகதி முகாம்களில் சாப்பாட்டுக்கு வழியில்லாமல் பல பெண்கள் தங்கள் கல்யாண உடைகளை விற்றார்கள். அப்படிக் கைமாறிப் போய்க்கொண்டிருந்தவற்றை இந்த அம்மையார் தேடித் தேடி வாங்கினார். வாங்கியதோடு விடவில்லை. யார் போட்டது, எந்த ஊர், எந்தச் சடங்குக்கு உடுத்தியது என்று அந்தந்தப் பெண்களிடமே கேட்டுக் குறித்தும் வைத்தார். 2,000 உருப்படிக்கு மேல் சேர்ந்துவிட்டது. 2015இல் இந்த இடத்தைத் திறந்தார்.

உடைக்குப் பெயர் தோப். எம்பிராய்டரிக்குப் பெயர் தத்ரீஸ். வெட்டு மிக எளிது. முன்னும் பின்னும் நேர்த்துண்டு, இரண்டு பக்கமும் கீழே போகப் போக அகலும் துண்டு, கை. டார்ட் கிடையாது, பிரின்சஸ் கட் கிடையாது, ஒரு விரற்கடைத் துணிகூட வீணாகாது. வேலைப்பாடு துண்டு துண்டாக அதன்மேல் ஏறுகிறது. நெஞ்சில் வரும் சதுரம் கப்பே. பக்கத்துண்டுகள் பனாயிக். பின்னால், கீழே பாதம் வரை வருவது ஷினியார்.

தையலைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் கைக்குட்டைக்குப் போடுவோமே, இன்ட்டுத் தையல், அதேதான். கிராஸ் ஸ்டிச். ஆனால் டீச்சர் நமக்குக் கட்டம் கட்டமாக ஓட்டை விட்ட துணி கொடுத்தார். இவர்கள் அந்தக் காலத்தில் கைத்தறித் துணியின் இழையையே எண்ணிப் போட்டிருக்கிறார்கள். அதுவும் கறுப்பிலும் கருநீலத்திலும். நம்பாதவர்கள் ஒரு கறுப்புத் துணியை எடுத்து ஓர் அங்குலத்துக்கு இழை எண்ணிப் பாருங்கள்.

ஊருக்கு ஊர் உடை வேறு. ரமல்லாப் பக்கம் கோடைக்கு வெள்ளை லினன், குளிருக்குக் கறுப்பு, இரண்டிலும் சிவப்புப் பட்டு நூல். பெயெர்செபாப் பாலைவனத்துப் பெதுயின் பெண்களில் கல்யாணமானவருக்குச் சிவப்பு. கைம்பெண்ணுக்கு நீலம். மறுமணம் செய்துகொள்ள விரும்பினால் நீலத்துக்கு நடுவே கொஞ்சம் சிவப்பு ஏறும். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதில்லை, தரகருக்கும் வேலையில்லை. வடக்கே கலிலேயாவில் மட்டும் எம்பிராய்டரி குறைவு. வேலைவெட்டி இல்லாதவள்தான் எம்பிராய்டரி போடுவாள் என்று அங்கே ஒரு சொலவடையே உண்டாம். எங்கள் மாமியார் கலிலேயாவில் பிறந்திருக்க வேண்டியவர்.

ஒரு கறுப்பு தோப்பின் முன்னால்தான் வெகுநேரம் நின்றேன். உடம்புத் துணியில் தறியின் மினுமினுப்பு இன்னும் போகவில்லை. நெஞ்சுச் சதுரம் மட்டும் நாள்பட்டது. சிவப்பு வெளிறிச் செங்கல் நிறமாகியிருந்தது, சில இடங்களில் பட்டு தேய்ந்து அடித்துணி தெரிந்தது. குனிந்து பார்த்தால் சதுரத்தின் நாலு ஓரத்தையும் உள்ளே மடித்து ஹெம்மிங் போட்டிருக்கிறது. உடை நைந்துபோனால் கப்பேயை மட்டும் வெட்டியெடுத்துப் புது உடையில் வைத்துத் தைப்பார்களாம். பழைய பட்டுப்புடவையின் ஜரிகையைப் பிரித்துப் புதுத்துணியில் வைத்துத் தரச் சொல்லி என் கடைக்கும் ஆட்கள் வருவதுண்டு. ஆனால் இங்கே ஆரம்பத்திலிருந்தே பிரித்தெடுக்க வசதியாகத் தனித்துண்டாக வைத்திருக்கிறார்கள். உள்பக்கம் எப்படியிருக்கும் என்று பார்க்கக் கை துறுதுறுத்தது. அருங்காட்சியகத்தில் அதெல்லாம் நடக்காது.

இன்னொன்றையும் சொல்லிவிட்டுத் தூங்குகிறேன். வீட்டில் சாவு விழுந்தால் சில பெண்கள் நல்ல உடையை எடுத்து நீலச்சாயத்தில் முக்கிவிடுவார்களாம். வண்ணமெல்லாம் அடங்கிப்போகும், ஆனால் தையல் போகாது, நீலத்துக்கு அடியில் பூவும் மரமும் மங்கலாகத் தெரியும். அந்தச் சாயத்துக்கு அரபியில் நீலே என்று பெயர். நம் நீலம்தான்.

மார்ச் 14. பாலம், பிறகு பெத்லகேம்

இன்றைய நாள் முழுக்க வரிசை. ஜோர்டான் பக்கத்தில் கிங் ஹுசைன் பாலம், தாண்டியதும் அதுவே ஆலன்பி பாலம். பெட்டி இறக்கு, பெட்டி ஏற்று, பாஸ்போர்ட் காட்டு, மறுபடியும் காட்டு. நாலரை மணி நேரம். எரிகோவைக் கண்ணாடி வழியாகப் பார்த்தோம்.

பெத்லகேமுக்குள் நுழைந்ததும் பஸ் நேராக ஒரு நினைவுப்பொருள் கடையில் நின்றது. கடை பெயர் வேண்டாம், எல்லா ஊரிலும் இப்படி ஒன்று உண்டு. ஒலிவமரச் சிலுவைகளுக்கு நடுவே எம்பிராய்டரி போட்ட தலையணை உறைகள். "எல்லாம் கையால் போட்டது, அக்கா" என்றார் கடைப்பையன். அக்கா என்பதைத் தமிழிலேயே சொன்னார். எத்தனை குழுக்கள் வந்து போயிருக்கும் பாருங்கள். நான் கழிப்பறை வரிசையில் நின்ற நேரத்தில் அம்மா 90 ஷேக்கலுக்கு ஒன்றை வாங்கிவிட்டாள்.

அறையில் வந்து திருப்பிப் பார்த்தேன். உள்பக்கம் முழுக்க ஒரே வெள்ளை பாபின் நூல், பின்னால் ஒட்டிய காகிதத்தின் பிசிறு. மெஷின் வேலை. கையால் போட்டிருந்தால் மேலே என்ன வண்ணமோ அதே வண்ணம்தான் கீழேயும் வரும். வரிசை வரிசையாகப் போகிறவர் கை என்றால் முன்னால் இன்ட்டு, பின்னால் சின்னச் சின்ன நேர்க்கோடு.

அம்மாவிடம் சொன்னேன். "யேசு பொறந்த ஊர்ல வாங்குனதுட்டி. எந்திரம் போட்டா என்ன, கை போட்டா என்ன?" என்றாள். அதற்கு மேல் பேச முடியாது.

மார்ச் 15. பெத்லகேம்

காலையில் தேவாலயம். குகைக்குள் இறங்க ஒன்றரை மணி நேரம் வரிசை. அம்மா கண்ணீரோடு வெளியே வந்தாள். அந்த வேளையில் அனுமதி கேட்டால் கிடைக்கும் என்று தெரிந்து, போதகர் ஐயாவிடம் இரண்டு மணி நேரம் கேட்டேன். வேறு குழுக்களில் வந்த சிலர் இங்கேயே காணாமல் போய் வேலைக்குச் சேர்ந்துவிட்டதால் அவருக்கு எப்போதும் ஒரு பயம். "அம்மா இங்கதானே இருக்காங்க?" என்று ஒருமுறைக்கு இருமுறை கேட்டுவிட்டு விட்டார். அம்மாவைப் பிணையாக வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

தேவாலயச் சதுக்கத்திலிருந்து மேலே ஏறும் பழைய கல் தெருவில் பைத்துனா அல்தல்ஹமி என்ற வீடு இருக்கிறது. எங்கள் பெத்லகேம் வீடு என்று பொருள். 1947இல் தொடங்கிய அரபுப் பெண்கள் சங்கம் நடத்துவது. பழைய அடுப்பு, விளக்கு, பாய் எல்லாம் உண்டு. நான் உடைக்குத்தான் போனேன்.

பெத்லகேம் தையல் மற்ற ஊர்த் தையல் மாதிரி இல்லை. இங்கே இன்ட்டு இல்லை. தஹ்ரீரி என்கிறார்கள். தங்க, வெள்ளிக் கயிற்றையோ பட்டுக் கயிற்றையோ துணிமேல் படுக்கவைத்து, வளைத்து வளைத்துப் பூவும் கொடியுமாக ஓட்டி, மெல்லிய நூலால் இடையிடையே பிடித்துத் தைப்பது. கயிறு துணிக்குள் இறங்குவதே இல்லை. ஜர்தோசி போடுகிற யாருக்கும் இது பார்த்த உடனே புரியும். கயிறு வளைகிற இடத்தில் பிடிதையல் நெருக்கமாக விழ வேண்டும், இல்லையென்றால் வளைவு முனை கட்டிவிடும். இங்கே ஒரு வட்டம்கூட முனை கட்டவில்லை. வட்டத்தின் உள்ளே ஆரஞ்சும் பச்சையும் ஊதாவுமாகப் பட்டு நிரப்பியிருக்கிறார்கள். துருக்கி ஆட்சிக்காலத்து அதிகாரிகளின் உடுப்பிலிருந்தும் பாதிரிமாரின் அங்கியிலிருந்தும் வந்த வேலை என்று சொல்கிறார்கள். இருக்கலாம். கோடு போட்ட பட்டுத்துணியில் இந்த வேலை ஏறினால் அது மலக் உடை, அதாவது ராஜ உடை. அதன்மேல் போடும் வெல்வெட் குட்டைச் சட்டை தக்ஸீரே.

ராஜ உடை எல்லாராலும் வாங்க முடியுமா? அதற்கும் வழி வைத்திருந்தார்கள். பெத்லகேம் பெண்கள் நெஞ்சுத்துண்டை மட்டும் தனியாகப் போட்டு விற்றார்கள். மற்ற ஊர்ப் பெண்கள் அதை வாங்கித் தங்கள் ஊர் உடையில் வைத்துத் தைத்துக்கொண்டார்கள். மறுபடியும் கப்பேதான்! முந்தாநாள் அம்மானில் பார்த்தது முதுமைக்கான ஏற்பாடு, இது வியாபாரத்துக்கான ஏற்பாடு.

தலைக்கு ஷத்வே. கல்யாணமான பெண் அணியும் கூம்புத்தொப்பி. முன்னால் வரிசை வரிசையாகக் காசு, நடுவில் பவளம், மேலே வெள்ளை முக்காடு. மணமகன் வீட்டார் கொடுத்த பணம்தான் அந்தக் காசு. புருஷன் தொடக் கூடாத சொத்தைத் தலையிலேயே வைத்துக்கொண்டு நடந்திருக்கிறார்கள்.

திரும்பி வரும் வழியில் ஒரு கடையின் கண்ணாடிக்குள் கைப்பை. பழைய கப்பே ஒன்றைக் குறுக்கே வெட்டி, ஜிப் வைத்துத் தைத்தது. மரம் ஒன்று பாதியில் அறுந்து நின்றது. விலை கேட்கவில்லை. கேட்டிருந்தால் வாங்கியிருப்பேனோ என்ற பயமும் உண்டு.

ஹோட்டல் வரவேற்பு மேசையில் இருக்கும் பெண்ணிடம் இந்தப் புலம்பலையெல்லாம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "என் மாமியார் தெஹைஷே அகதி முகாமில் இருக்கிறார், இப்போதும் போடுகிறார். சனிக்கிழமை வருகிறீர்களா?" என்றார். கேட்க வேண்டுமா?

மார்ச் 16. ரமல்லாவும் அல்பீராவும்

குழு இன்று கலிலேயாக் கடலுக்குப் போனது. நான் போகவில்லை. போதகர் ஐயா என்னை எழுதி வாங்காத குறைதான்.

பெத்லகேமிலிருந்து ரமல்லாவுக்கு நேர்க்கோட்டில் பார்த்தால் இருபது கிலோமீட்டர் சொச்சம். நடுவில் எருசலேம். பெத்லகேமும் ரமல்லாவும் இருக்கும் மேற்குக்கரைப் பகுதியின் அடையாள அட்டை உள்ள பாலஸ்தீனர்கள் அனுமதிச் சீட்டு இல்லாமல் அதற்குள் போக முடியாது. அதனால் சர்வீஸ் என்று சொல்லும் ஷேர் வேன் கிழக்கே சுற்றி, வாதி அந்நார் என்ற கிடுகிடு பள்ளத்தில் இறங்கி ஏறிப் போகிறது. ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. நார் என்றால் அரபியில் நெருப்பு. நெருப்புப் பள்ளத்தாக்கு.

பக்கத்தில் உட்கார்ந்த கல்லூரிப் பெண் ஜீன்ஸ் போட்டிருந்தார். எதற்குப் போகிறேன் என்று கேட்டுத் தெரிந்துகொண்டதும் போனை எடுத்து அவருடைய அம்மாவின் தோப் ஒன்றைக் காட்டினார். முதல் இன்டிஃபாதா, அதாவது இஸ்ரேல் ஆட்சிக்கு எதிரான மக்கள் எழுச்சி நடந்த காலத்தில், 1988இல் போட்டது. 1967 தொடங்கி 1993 வரை பாலஸ்தீனக் கொடியை வெளியே காட்டினால் பிடித்துக்கொண்டு போவார்கள். பெண்கள் அதை நெஞ்சில் தைத்துக்கொண்டார்கள். கறுப்புத் துணியில் சிவப்பு, பச்சை, வெள்ளை, நடுவே நாட்டின் வரைபடம், புறா, எருசலேம் மசூதி வளாகத்தில் இருக்கும் பாறைக் குவிமாடம். "கொடியைப் பிடுங்கலாம், அம்மாவின் சட்டையைக் கழற்றச் சொல்ல முடியுமா?" என்றார் அந்தப் பெண். அவருக்கு இப்போது மருதாணி இரவுக்கு ஒரு தோப் தயாராகிறதாம். கல்யாணத்துக்கு முதல் நாள் மணப்பெண் அதைத்தான் உடுத்துகிறாள். அமெரிக்கப் பாராளுமன்றத்தில் பாலஸ்தீன வம்சாவளியைச் சேர்ந்த ரஷீதா தலைப் 2019 ஜனவரியில் தோப் உடுத்திப் பதவியேற்ற பிறகு தன் தோழிகளுக்கெல்லாம் திடீரென்று ஆசை வந்துவிட்டது என்று சொல்லிச் சிரித்தார்.

ரமல்லாவை ஒட்டியே அல்பீரா. எங்கே இது முடிந்து அது தொடங்குகிறது என்று எனக்குக் கடைசிவரை தெரியவில்லை. அங்கே இன்ஆஷ் அல்உஸ்ரா சங்கம். சமீஹா கலீல் என்ற அம்மா 1965இல் தொடங்கியது. இவர் 1996இல் பாலஸ்தீனத் தலைவர் யாசர் அரபாத்தை எதிர்த்து அதிபர் தேர்தலில் நின்றவர்! தையல், சமையல், பள்ளி என்று என்னென்னவோ நடத்தும் சங்கம், பழைய பொருட்களுக்கு ஓர் அருங்காட்சியகமும் உண்டு.

இந்த மாதிரிச் சங்கங்களில் வேலை நடக்கும் விதம் நம் ஊர்ப் பீடி சுற்றும் வீடுகளை நினைவுபடுத்தியது. துணியையும் நூலையும் அளந்து கொடுத்துவிடுகிறார்கள். பெண்கள் வீட்டுக்குக் கொண்டுபோய், சமையலுக்கும் பிள்ளைக்கும் நடுவில் போட்டு, முடித்துக் கொண்டுவந்து கொடுத்துக் கூலி வாங்குகிறார்கள். முழு தோப்புக்கு நாலு மாதம், நெருக்கமான வேலை என்றால் வருடம்கூட ஆகும். நான் தொழில் செய்கிறவள், மனதுக்குள் கணக்குப் போட்டேன். நியாயமான மணிக்கூலி வைத்தால் உடையை யாரும் வாங்க முடியாது. வாங்கக்கூடிய விலை வைத்தால் கூலி கட்டாது. அதனால்தான் பர்ஸ், புத்தகக்குறி, கண்ணாடி உறை என்று சின்னச் சின்னதாகப் போட்டு விற்கிறார்கள். 2021இல் யுனெஸ்கோ இந்தத் தத்ரீஸை மனிதகுலத்தின் மரபுப் பட்டியலில் சேர்த்தது. நல்ல விஷயம். ஆனால் பட்டியல் ஊசிக்குக் கூலி தராது.

மஜ்தல் துணி ஒன்றையும் இன்று தொட்டேன். மஜ்தல் என்பது அஸ்கலோனை ஒட்டி இருந்த நெசவாளர் ஊர். 1909 வாக்கில் 500 தறி ஓடிய இடம். 1948 போரிலும் அதற்கடுத்த இரண்டு வருடத்திலும் ஊரே காலியாகிக் காசாவுக்குப் போயிற்று, தறியும் பின்னால் போயிற்று. அவர்கள் நெய்த ஒரு துணிக்குப் பெயர் ஜன்னே உ நார். சொர்க்கமும் நெருப்பும். கருநீலத்தின் ஓரத்தில் ஒரு பச்சைக் கோடு, ஒரு செந்தூரக் கோடு. காலையில் நெருப்புப் பள்ளத்தாக்கில் கேட்ட அதே நார். நமக்கு நார் என்றால் நூலுக்கு அக்கா, அவர்களுக்கு நரகம். துணியைக் கையில் வைத்துக்கொண்டு தனியாகச் சிரித்தேன், அங்கிருந்தவர்கள் என்ன நினைத்தார்களோ.

மார்ச் 17. எருசலேம்

குழுவோடு. நடந்து நடந்து கால் வீங்கிவிட்டது, அதனால் ஒன்றே ஒன்று மட்டும்.

தமஸ்கு வாசல் படிக்கட்டில் கிராமத்துப் பாட்டிகள் தரையில் உட்கார்ந்து திராட்சை இலையும் சேஜ் இலைக்கட்டும் விற்கிறார்கள். எல்லார் உடம்பிலும் தோப். பாலியெஸ்டர் துணி, மெஷின் எம்பிராய்டரி. ஒரு பாட்டிக்குக் கை ஓரம் கிழிந்து சேஃப்டி பின் குத்தியிருந்தது. கப்பேயின் கீழ்ப்பாதி, கூடையை அணைத்துத் தூக்கும் இடத்தில், மொழுமொழுவென்று தேய்ந்திருந்தது. மெஷின் வேலையைப் பற்றி மூன்று நாள் முன்பு எழுதியதைக் கொஞ்சம் குறைத்துக்கொள்கிறேன். அந்தப் பாட்டி நினைவுப்பொருளா விற்கிறார்? உடுத்திக்கொண்டு பிழைக்கிறார். சேஜ் ஒரு கட்டு வாங்கினேன். அம்மா அதை மோந்து பார்த்துவிட்டுத் "துளசிக்குச் சித்தி மக மாதிரி இருக்கு" என்றாள்.

மார்ச் 18. தெஹைஷே

1949இல் கூடாரங்களோடு தொடங்கிய முகாம். இப்போது கூடாரம் இல்லை. வீட்டுக்கு மேல் வீடு, நடுவே ஒரு ஆள் போகும் சந்து. மூன்றாவது மாடியில் ஹோட்டல் பெண்ணின் மாமியார். அவரை நான் கால்த்தி என்று கூப்பிட வேண்டும் என்று மருமகள் சொல்லித் தந்தார். சித்தி, பெரியம்மா மாதிரி. அம்மாவையும் கூட்டிப் போயிருந்தேன். சேஜ் போட்ட டீ வந்தது.

கால்த்திக்கு ஆங்கிலம் தெரியாது, எனக்கு அரபி தெரியாது. மருமகள் அடுப்படிக்குப் போனபோதும் பாடம் நிற்கவில்லை. கறுப்புத் துணியின் மேல் வலைபோன்ற ஒரு கட்டத்துணியை டாக்கா, அதாவது தற்காலிகத் தையல், போட்டு நிறுத்தினார். இப்போதைய துணியில் இழை எண்ண முடியாது, அதனால் இந்த ஏற்பாடு. இரண்டுக்கும் சேர்த்துத் தைத்துவிட்டு, கடைசியில் வலையின் இழைகளை ஒவ்வொன்றாக உருவிவிட வேண்டும். நூல் டிஎம்சி. 1930கள் வாக்கில் இந்தப் பிரெஞ்சுக் காட்டன் நூல் வந்துதான் சிரியாப் பட்டை ஓரங்கட்டியது. நூலோடு கூடவே ஐரோப்பிய டிசைன் புத்தகமும் வந்ததால், கோணமும் நட்சத்திரமுமாக இருந்த உடையில் ரோஜாவும் பறவையும் ஏறின. கால்த்தி வைத்திருந்த சிவப்பின் எண்ணைப் பார்த்தேன், 321. என் கடை மேசையிலும் அதே எண் கிடக்கிறது.

எனக்குக் கொடுத்தது ஸரு. சைப்ரஸ் மரம், ஊட்டியில் கோபுரம்போல நிற்குமே அது. "வாஹத், த்னேன், த்லாத்தே" என்று அவர் எண்ண, நான் குத்த. நான் மேலிழையைச் சில இடத்தில் இடமாகவும் சில இடத்தில் வலமாகவும் சாய்த்துவிட்டேன். ஆரிக்குப் பழகிய கை, கொக்கியைத் தேடுகிறது. கால்த்தி துணியை வாங்கி, முன்பக்கத்தைப் பார்க்கவேயில்லை. சட்டென்று திருப்பி உள்பக்கத்தைப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா, "ஒன்ன மாதிரியே ஒரு கிறுக்கு" என்றாள். நல்லவேளை, தமிழ்.

ஊசி எங்கே தப்பியதென்று காட்டிவிட்டு, "லா, யம்மா" என்றார். யம்மா! நான் நிமிர்ந்துவிட்டேன். அவர்கள் ஊரில் தாயை யம்மா என்பார்களாம். தாயும் பிள்ளையை அதே யம்மா போட்டுத்தான் கூப்பிடுவாளாம். நாம் மகளை வாம்மா, போம்மா என்பதில்லையா? அம்மாவுக்கு அதற்குப் பிறகு கூச்சம் விட்டுப்போயிற்று. கால்த்தி அரபியிலும் அம்மா நெல்லைத் தமிழிலுமாக முழங்கால் வலியைப் பற்றி அரை மணி நேரம் பேசினார்கள். இருவருக்கும் எல்லாம் புரிந்தது.

கிளம்பும் நேரத்தில் பீரோவிலிருந்து ஒரு தலையணை உறையை எடுத்தார். அதற்குள் வெள்ளைத் துணி, அதற்குள் ஒரு கப்பே. அவருடைய பாட்டி போட்டது. பாட்டி ஊர் ஸகரிய்யா, எபிரோனுக்கு வடமேற்கே. இப்போது அங்கே அவர்கள் யாரும் இல்லை. பாட்டி உடுத்திய உடை முகாமின் முதல் குளிர்களிலேயே கிழிந்துபோயிற்று. கப்பேயைப் பிரித்துத் தன் மகளுக்குத் தைத்த உடையில் வைத்தார். அது கிழிந்ததும் கால்த்தியின் கல்யாண தோப்பில் ஏறியது. அதிலிருந்தும் பிரித்து இப்போது உறைக்குள் இருக்கிறது. அம்மானில் ஒரு பேத்தி வளர்கிறாள்.

கேட்கலாமா வேண்டாமா என்று தயங்கி, மருமகளிடம் சொன்னேன்: கொஞ்சம் உள்பக்கம் காட்டச் சொல்லுங்க. கால்த்தி சிரித்துக்கொண்டே திருப்பினார்.

நட்சத்திரங்களின் பின்னால் சின்னச் சின்ன நேர்க்கோடு, ஒரு முடிச்சுகூடக் கிடையாது. ஓரத்தைப் பார்த்தேன். மடித்த விளிம்பை ஒட்டி மூன்று வரிசை ஊசித்துளை. ஒரு வரிசை பெரிய பெரிய துளை, தடித்த நூல் போட்டிருக்க வேண்டும், ஒரு மூலையில் நீலநூல் பிசிறு இன்னும் ஒட்டியிருக்கிறது. அடுத்தது நெருக்கம், கறுப்பு நூல். மூன்றாவது மெஷின் தையல், எண்ணெய்க் கறையோடு. அந்த மூன்றாவதைக் காட்டி, அது தன் வேலை என்று நெஞ்சைத் தொட்டுச் சொன்னார். அவசரக் கல்யாணமாம். கையால் ஹெம்மிங் போட நேரமில்லை.

மார்ச் 19. மறுபடியும் பாலத்தை நோக்கி

காலை ஆறு மணிக்கு பஸ். எல்லாரும் பாட்டுப் பாடி ஓய்ந்து தூங்கிவிட்டார்கள். நான் ஸருவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். 14 வரிசை ஏறியிருந்தது. கால்த்தி கொடுத்த வலைத்துணி, கால்த்தியின் சிவப்பு.

அம்மா கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கி வெகுநேரம் பார்த்தாள். "ஏட்டி, இந்தப் பக்கம் ஒண்ணு கூட இருக்கே."

எண்ணினேன். இடப்பக்கக் கிளையில் ஆறு, வலப்பக்கத்தில் ஏழு. ஐந்தாவது வரிசையில் தப்பியது, அதற்கு மேலே போட்டதெல்லாம் ஒரு கட்டம் தள்ளிப் போயிருக்கிறது. "யாருக்கும்மா தெரியப்போவுது?" என்றேன்.

அம்மா ஒன்றும் சொல்லாமல் கைப்பையிலிருந்து நகவெட்டியை எடுத்து நீட்டினாள். கத்தரியை நேற்றே பெரிய பெட்டியில் போட்டாயிற்று. எரிகோ வரும்வரை பிரித்துக்கொண்டே வந்தேன்.